பட்டம் மறுக்கப்பட்ட பண்டிதை
மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையார் சரித்திரம்

மனத்தை முன்னிறுத்தி அறம் உரைத்த பகவன் புத்தரின் வழியில் நிற்கும் நமக்கு, மனத்தை ஆராயும் நூல் மேனாட்டில் எங்கே, எவரால் வளர்க்கப்பட்டது என்று அறிவது அயலார் கதையாகாது. மேனாட்டார் அதனைத் தத்துவத்தினின்றும் பிரித்து, மனோதத்துவம் என்னும் தனி நூலாக்கியது மிகப் பழைய செய்தியுமன்று. செர்மானிய தேசத்தின் லீப்சிக் நகரில் வுண்ட் என்னும் பேராசிரியர் 1879-ஆம் ஆண்டில் இதற்கெனச் சோதனைச்சாலை ஒன்று அமைத்தார். அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஸ்டான்லி ஹால் என்பவர் இத்துறையில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் இத்துறைக்கென அப்பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர். அதே ஹார்வர்டில், அதே பட்டத்துக்குரிய மேற்படிப்பு முழுவதையும் படித்து, ஆராய்ச்சியை முடித்து, பரீட்சையிலும் தேறிய பின்னர், பெண்ணாய்ப் பிறந்தார் என்ற ஒரே காரணத்தால் பட்டம் மறுக்கப்பட்ட ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையார் 1863-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் வோல்காட் கால்கின்ஸ் ஒரு கிறிஸ்தவ போதகர். பிள்ளைகள் ஐவருள் மேரியே மூத்தவர். பபலோ நகரில் வளர்ந்த இவர்கள், 1880-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து நியூட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தனர். தந்தையார் செர்மானிய நாட்டில் படித்தவராதலின், வீட்டிலேயே அம்மொழி புழங்கிற்று. பெண்மக்களின் படிப்பை வீண் செலவென்று கருதும் தகப்பன்மார் எந்நாட்டிலும் மலிந்திருந்த அக்காலத்தில், இவர் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். 1882-ஆம் ஆண்டில் ஸ்மித் கல்லூரியில் சேர்ந்தார் மேரி. மறு ஆண்டில் தங்கை மாட் இறந்துபட்டாள். அத்துயரத்தால் ஓராண்டு வீட்டிலிருந்தே படித்துவிட்டு, 1885-ஆம் ஆண்டில் பழம்பெரு மொழிகளிலும் தத்துவத்திலும் பட்டம் பெற்றார். பின்னர்க் குடும்பத்தாருடன் ஐரோப்பா சென்று, லீப்சிக்கையும் கிரேக்க நாட்டையும் கண்டு மீண்டார்.

1887-ஆம் ஆண்டில், பெண்களுக்கென்றே நடந்துவரும் வெல்லெஸ்லி கல்லூரியில் கிரேக்க மொழி கற்பிக்கும் வேலை கிடைத்தது. அவர் பாடம் சொல்லும் திறத்தைக் கண்ட கல்லூரியார், புதிய நூலாகிய மனோதத்துவத்தைக் கற்பிக்க அவரே ஏற்றவர் என்று எண்ணினர். ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தனர்: ஓராண்டேனும் அத்துறையில் மேற்படிப்புப் படித்து வரவேண்டும்.

எங்கே சென்று படிப்பது? அதுவே பெரிய கேள்வியாயிற்று. அந்நாளில் அமெரிக்காவில் இத்துறைக்குரிய மேற்படிப்பு சில இடங்களிலேயே உண்டு. பட்டதாரிகள் மேலும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறுவதையே தலையாய நோக்கமாகக் கொண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை தோன்றியதே 1876-ஆம் ஆண்டில்தான். அங்குப் படித்த கிறிஸ்டீன் லாட் என்னும் பெண்மணி, பட்டத்துக்கு வேண்டிய யாவற்றையும் 1882-ஆம் ஆண்டிலேயே முடித்தும், பட்டம் அளிக்கப்படவில்லை. மிச்சிகன், யேல், கிளார்க், ஹார்வர்டு ஆகிய இடங்களை எண்ணிப் பார்த்த மேரி, வீட்டுக்கு அண்மையிலிருந்த ஹார்வர்டை நாடினார். அங்கே வில்லியம் ஜேம்ஸ், ஜொசையா ராய்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் இருந்தனர். இருவரும் அவரை வரவேற்றனர். தலைவர் எலியட் மட்டும் கதவை அடைத்தார். ஆடவரும் பெண்டிரும் ஒரே வகுப்பில் அமர்வதை அவர் ஒப்பவில்லை. ஜேம்ஸ் தலைவருக்கு எழுதி வாதாடினார்; தந்தையார் சர்வகலாசாலை நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதினார்; வெல்லெஸ்லித் தலைவரும் கடிதம் கொடுத்தார். 1890-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று அனுமதி கிடைத்தது. எத்தகைய அனுமதி? வகுப்பில் வந்து அமரலாம். ஆனால் சர்வகலாசாலையின் மாணவி என்னும் உரிமை கோரலாகாது. அறிவைக் கொடுப்போம், பெயரைக் கொடோம் என்பதே இதன் பொருள். அவ்வாண்டில் போடப்பட்ட இம்முடிச்சு கடைசிவரை அவிழவில்லை.

ஜேம்ஸின் வகுப்பு நடந்த விதம் வேடிக்கையானது. அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து எழுதிய மனோதத்துவப் பெருநூல், இரு பாகங்களாகச் சுமார் 1,400 பக்கங்களில், அவ்வாண்டில்தான் அச்சாகி வெளிவந்திருந்தது. அதனையே பாடமாக நடத்தினார். வகுப்புக்கு வந்த ஆடவர் சிலர் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டனர். எஞ்சியவர் மேரி ஒருவரே. ஆகவே நூலகத்து அறையில், குளிர்காயும் அடுப்பின் இருபுறமும், ஆசிரியரும் மாணவியுமாக இருவர் மட்டும் அமர்ந்து, அந்நூலைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தனர். ஹார்வர்டின் சட்டப்படி மாணவியாகாத ஒருவருக்கு, ஹார்வர்டின் மிகப் பெரிய ஆசிரியரை முழுமையாகத் தமக்கே பெறும் பேறு வாய்த்தது!

அதே காலத்தில் கிளார்க் சர்வகலாசாலையின் சான்போர்டு என்பவரிடம் சோதனை முறைகளைக் கற்றார். இருவரும் கனவைப் பற்றி ஆராய்ந்தனர். படுக்கையருகே தாளும் பென்சிலும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு, பல வாரங்கள் இரவில் வெவ்வேறு நேரங்களில் கடிகார மணியால் விழித்து, கண்ட கனவை அந்தக் கணமே எழுதினார் அம்மையார். இவ்வாறு அவர் சேர்த்த கனவுகள் 205. அவற்றைத் தரம் பிரித்துப் பார்த்தபோது, கனவில் வருவன பெரும்பாலும் பகலில் கண்டவரும் கேட்டவையும் நடந்த இடங்களுமே என்று தெரிந்தது. தேவர் சொன்னது, பேய் காட்டியது என்னும் கதைகளுக்கு இந்தக் கணக்கு இடம் வைக்கவில்லை. பின்னாளில் கனவைப் பற்றிப் பெருநூல் எழுதிய வியன்னா நகரத்து பிராய்டும் இந்த ஆராய்ச்சியை எடுத்துக் கூறியுள்ளார்.

1891-ஆம் ஆண்டில் வெல்லெஸ்லிக்குத் திரும்பிய அம்மையார், கல்லூரியின் மேல்மாடியில் ஒரு சோதனைச்சாலை அமைத்தார். கையிலிருந்த பணம் 200 டாலர். பெண்கள் கல்லூரியில் தோன்றிய முதல் மனோதத்துவச் சோதனைச்சாலை இதுவே. முதல் ஆண்டிலேயே 50-க்கு மேற்பட்ட மாணவிகள் சேர்ந்தனர். ஆயினும் தமக்குக் கல்வி போதவில்லை என்று அவர் எண்ணினார். மீண்டும் ஹார்வர்டை நோக்கினார்.

அப்போது ஜேம்ஸ் சோதனைச்சாலையை மேற்பார்க்க, ஹ்யூகோ மன்ஸ்டர்பர்க் என்னும் இளம் பேராசிரியரைச் செர்மானிய நாட்டிலிருந்து 1892-ஆம் ஆண்டில் வரவழைத்திருந்தார். அவரிடம் மேரி மூன்றாண்டு காலம் ஆராய்ந்தார். முதலில் கல்லூரி வேலைக்கிடையே சென்று வந்தார்; 1894-ஆம் ஆண்டு இலையுதிர் காலம் முதல் விடுப்பெடுத்து முழுநேரமும் உழைத்தார். எடுத்துக்கொண்ட பொருள் நினைவின் தொடர்ச்சி. ஒன்றைக் கண்டால் மற்றொன்று ஏன் நினைவுக்கு வருகிறது என்பதே கேள்வி.

இதற்கு அவர் கண்ட முறை மிக எளியது. ஒரு நிறத்தைக் காட்டுவார். உடனே ஓர் எண்ணைக் காட்டுவார். அடுத்து வேறு நிறம், வேறு எண். இப்படிச் சில இணைகள் சென்றபின், நிறங்களை மட்டும் முறைமாற்றிக் காட்டி, அவற்றுக்குரிய எண்களை எழுதச் சொல்வார். நூற்பு ஆலையில் வேலை செய்தோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. நூல் சுற்றிய கட்டையின் வர்ணத்தைக் கண்டதும் நாற்பதாம் நம்பரா, அறுபதாம் நம்பரா என்று நாம் சொல்லிவிடுவோம். யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவனே. அது எப்படி மனத்தில் ஏறிற்று என்று மட்டும் ஒருநாளும் கேட்டவனல்லன். அம்மையார் கேட்டார். ஓர் இணையைப் பலமுறை காட்டினால் நிலைக்குமா? எண்ணைப் பெரிதாகவோ வேறு நிறத்திலோ கண்ணைப் பறிக்கும்படி காட்டினால் நிலைக்குமா? முதலில் காட்டியது நிற்குமா, கடைசியில் காட்டியது நிற்குமா? ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, ஒன்றோடொன்று மோதவிட்டும் பார்த்தார். பகட்டுக்கும் புதுமைக்கும் வலிமை உண்டு. ஆனால் அடுத்தடுத்து வரும் பழக்கமே யாவற்றினும் வலியது என்பது அவர் கண்ட முடிபு. நாள்தோறும் பஞ்சசீலம் ஓதுவதால் பயனென்ன என்று வினவும் இளைஞர்கள் இச்சோதனையைச் சிந்திப்பார்களாக. இம்முறையைப் பிற்காலத்தார் திருத்தியும் விரித்தும், நினைவாற்றலை அளப்பதற்கு இன்றளவும் கையாளுகின்றனர்.

1894-ஆம் ஆண்டு அக்டோபரில், மேரியை டாக்டர் பட்டத்துக்குரிய மாணவியாக ஏற்கவேண்டுமென்று மன்ஸ்டர்பர்க் சர்வகலாசாலைத் தலைமைக்கு எழுதினார். தாம் அங்கு வந்தது முதல் தம் சோதனைச்சாலையில் பயின்றோர் அனைவரிலும் இவரே வல்லவர் என்றும் அக்கடிதத்தில் தெரிவித்தார். தலைமை மறுத்தது. ஆயினும் ஆசிரியர்கள் விடவில்லை. 1895-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், அதிகார அனுமதி இன்றியே, பட்டத்துக்குரிய வாய்மொழிப் பரீட்சையை நடத்தினர். ஜேம்ஸ், ராய்ஸ், மன்ஸ்டர்பர்க் முதலியோர் எதிரே அமர்ந்து வினவினர். அம்மையாருக்கு அப்போது வயது 32. ஹார்வர்டில் தாம் கண்ட டாக்டர் பரீட்சைகளில் இதுவே மிகச் சிறந்தது என்று ஜேம்ஸ் பின்னர்க் கூறினார். பட்டத்துக்குரிய தகுதி யாவும் இவருக்கு உண்டென்று பரீட்சகர்கள் ஒருமனதாக எழுதி அனுப்பினர். தலைமை மீண்டும் மறுத்தது.

பெண்ணுக்குப் பட்டம் தருவது உலகில் நடவாத காரியம் அன்று என்பதையும் வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். யேல் 1892-ஆம் ஆண்டிலேயே தன் மேற்படிப்பைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. கார்னெல் சர்வகலாசாலை 1894-ஆம் ஆண்டில் மார்கரெட் வாஷ்பர்ன் என்னும் பெண்மணிக்கு இதே மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் அளித்தது. ஆகவே ஹார்வர்டுக்கு வழி தெரியவில்லை என்று சொல்ல முடியாது. வழி பக்கத்திலேயே திறந்திருக்க, அது போக மறுத்தது.

நிற்க. பெண்ணின் மனமே ஆணின் மனத்தினும் தாழ்ந்தது என்று நிறுவ முற்பட்ட பண்டிதர்களும் அந்நாளில் இருந்தனர். விஸ்கான்சின் சர்வகலாசாலையின் ஜாஸ்ட்ரோ என்பவர் ஆடவரையும் பெண்டிரையும் நூறு நூறு சொற்கள் எழுதச் செய்து, பெண்கள் அண்டையிலுள்ள பொருள்களையும் அணிகளையுமே நினைக்கின்றனர், ஆடவரோ தொலைவானவற்றையும் பொதுவானவற்றையும் நினைக்கின்றனர் என்று முடிவுகட்டினார். வெல்லெஸ்லியில் அம்மையாரின் மேற்பார்வையில் அதே சோதனையை மீண்டும் செய்து பார்த்தபோது, அம்முடிவு நிலைக்கவில்லை. அதைவிட முக்கியமானது அவர் எழுப்பிய கேள்வி. பிறந்த நாள் முதல் இருபாலாரையும் வெவ்வேறாக வளர்த்துவிட்டு, வளர்ந்தபின் காணும் வேற்றுமையைப் பிறவிக் குணம் என்று எவ்வாறு சொல்லலாம்? பிறவியால் இழிந்தவர் என்று பல தலைமுறை கேட்டுப் பழகிய நமக்கு இக்கேள்வியின் கூர்மையை விளக்கவேண்டுவதில்லை.

இனி, அவர் சரித்திரத்தில் என் நெஞ்சை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். ஹார்வர்டின் பக்கத்திலேயே, அதன் ஆசிரியர்களே வந்து பாடம் சொல்லும் பெண்கள் கல்லூரி ஒன்று இருந்தது. 1894-ஆம் ஆண்டில் அதற்கு ராட்கிளிப் கல்லூரி என்னும் பெயரும் பட்டமளிக்கும் உரிமையும் கிடைத்தன. 1902-ஆம் ஆண்டில், ஹார்வர்டில் டாக்டர் படிப்பை முடித்திருந்த நான்கு பெண்களுக்கு ராட்கிளிப்பின் பெயரால் அப்பட்டம் அளிப்பதென்று முடிவாயிற்று. மற்ற மூவர் ஏற்றனர். மேரி ஏற்கவில்லை. ஏற்றுக்கொள்ளும்படி மன்ஸ்டர்பர்க் அன்போடு வற்புறுத்தியும் அவர் இசையவில்லை.

ஏன்? அவருக்கு ராட்கிளிப் மீது பகை இல்லை. அப்பட்டத்தைக் கைக்கொள்வதே எளிய வழியென்றும், அதனால் தமக்கு நன்மை உண்டென்றும் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் படித்தது ராட்கிளிப்பில் அன்று. ஹார்வர்டு ஆசிரியரிடம், ஹார்வர்டு சோதனைச்சாலையில், ஹார்வர்டு பரீட்சையில் தேறியவருக்கு ஹார்வர்டின் பட்டம் ஒன்றே உண்மையானது. மேலும், பெண்களுக்கென்று ஒரு தனிப் பட்டம் ஏற்பட்டுவிட்டால், அதுவே இதற்கு ஈடு என்று உலகம் எண்ணிவிடும். பின்னர் ஹார்வர்டு தன் கதவைத் திறக்கவேண்டிய அவசியமே இராது. ஆகவே அந்தத் தனிப் பட்டம் வழங்கப்படாமலிருப்பதே நலம் என்று அவர் கருதினார்.

அன்பர்களே, தேநீர் ஒன்றே, குவளை மட்டும் வேறு என்னும் ஏற்பாட்டை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். தாகத்தில் அதை வாங்கிக் குடித்தவரை நான் குறைகூறேன். அந்த மூன்று பெண்மணிகளையும் குறைகூறேன். அவர்களுக்கும் பிழைப்பு இருந்தது, உழைத்த கூலி நியாயமாக வரவேண்டியிருந்தது. மேரி அம்மையாருக்குப் பட்டமின்றியே பேராசிரியர் வேலை நிலைபெற்றிருந்தது. ஆதலால் மறுக்கும் வசதி அவருக்கு இருந்தது என்று ஒருவர் சொன்னால், அதில் உண்மையும் உண்டு. ஆயினும், வசதி உள்ளவரிலும் மறுப்பவர் எத்தனை பேர்?

பட்டமில்லாதவரைக் கற்றோர் உலகம் எவ்வாறு நடத்திற்று? 1905-ஆம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவச் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1892-ஆம் ஆண்டில் தோன்றிய அச்சங்கத்துக்கு அவர் பதினான்காம் தலைவர், பெண்களில் முதல்வர். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தத்துவச் சங்கமும் அவரைத் தலைவராக்கியது. அங்கும் பெண்களில் அவரே முதல்வர். நம் அண்ணல் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டில் சென்று பயின்ற கொலம்பியா சர்வகலாசாலை, 1909-ஆம் ஆண்டில் அம்மையாருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மறு ஆண்டில் ஸ்மித் கல்லூரியும் அளித்தது. கொலம்பியாவிலிருந்து வேலைக்கும் அழைப்பு வந்ததுண்டு. முதிய பெற்றோரை விட்டுச் செல்ல மனமின்றி மறுத்துவிட்டார்.

இத்தனை பெருமைக்கிடையிலும் ஹார்வர்டின் வாயிலில் நிலைமை மாறவில்லை. ஒருமுறை மனோதத்துவச் சங்கத்தின் குழுவினர் ஹார்வர்டு உணவு மண்டபத்தில் கூடி உண்பதாக ஏற்பாடு. மண்டபத்தின் தலைமைப் பரிசாரகர் வழிமறித்தார். பொது மண்டபத்தில் பெண் கால்வைக்கலாகாது. பெண்கள் உண்ணும் அறைக்கோ, ஒரு பெண்ணோடு இத்தனை ஆடவர் செல்லலாகாது! குழுவினர் அனைவரும் வாயிலில் நின்றனர். அம்மையார் இதனைத் தம் முதுமையில் சினமின்றி, நகைச்சுவையாகவே எழுதினார். எனக்கு நகைப்பு வரவில்லை.

அவருடைய கொள்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிடில் சரித்திரம் நிறைவுபெறாது. மனோதத்துவம் ஆராயவேண்டியது எண்ணங்களின் தொகுதியை மட்டுமன்று, எண்ணுகின்ற தன்னையே என்று அவர் நிலைநாட்டினார். காணுதல், நினைத்தல், விரும்புதல் யாவும் ஒருவருடையனவாகவே நிகழ்கின்றன. அந்த ஒருவர் யார் என்பதை விட்டுவிட்டு ஆராய்வது பாதி ஆராய்ச்சி என்பது அவர் வாதம். 1913-ஆம் ஆண்டில் வாட்சன் என்பவர், மனமும் வேண்டா, தானும் வேண்டா, வெளியே காணும் நடத்தை ஒன்றே போதும் என்று புறப்பட்டபோதும், அம்மையார் தம் கொள்கையினின்றும் அசையவில்லை. கடைசிவரை அதற்காக வாதாடினார்.

அனாத்மம் போற்றும் நாம் இதனை அவ்வாறே ஏற்கமுடியாது. தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இவற்றில் தேர் எது என்று மிலிந்த மன்னனை வினவிய நாகசேனர், அம்மையாரையும் அப்படியே வினவியிருப்பார். அவருடைய ஆசிரியராகிய ஜேம்ஸே, ஓடிக்கொண்டிருக்கும் நினைவுக்குப் பின்னால் நினைப்பவன் என்று ஒருவனைத் தனியே தேடவேண்டியதில்லை என்று எழுதியவர். ஆசிரியரின் கருத்தே நம் கருத்துக்கு அண்மையானது. ஆனால் அம்மையார் கூறிய தான் என்பது, உடலை விட்டு உடல் புகும் உயிர்ப்பொருள் அன்று. பிறரோடு உறவுகொண்டு, பிறரால் உருவாகி, பிறரை உருவாக்கும் ஒன்று. தனித்து நிற்கும் தான் எங்கும் இல்லை என்பதையும் அவரே வற்புறுத்தினார். இவ்வளவில் அவரோடு நாம் அமர்ந்து பேச இடமுண்டு.

வெல்லெஸ்லியில் 42 ஆண்டுகள் பணியாற்றினார். நான்கு நூல்களும் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் எழுதினார். 1901-ஆம் ஆண்டில் வந்த மனோதத்துவ முதனூலும், 1907-ஆம் ஆண்டில் வந்த தத்துவ சரித்திர நூலும் கல்லூரிகளில் பெரிதும் பயிலப்பட்டன. மணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோருடன் நியூட்டனிலேயே வாழ்ந்தார்.

1926-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தன் தவற்றைத் திருத்திக்கொண்டு, 44 ஆண்டுகளுக்கு முன் மறுத்த பட்டத்தைக் கிறிஸ்டீன் லாட் அம்மையாருக்கு அளித்தது. மறு ஆண்டில், ஹார்வர்டில் பட்டம் பெற்ற மனோதத்துவ, தத்துவ அறிஞர் பதின்மூவர் கையொப்பமிட்டு, மேரி அம்மையாருக்கும் அவ்வாறே அளிக்கவேண்டுமென்று ஹார்வர்டுத் தலைவர் லோவெல்லுக்கு விண்ணப்பித்தனர். போதிய காரணம் இல்லையென்று அதுவும் தள்ளப்பட்டது.

1929-ஆம் ஆண்டில் அம்மையார் ஓய்வு பெற்றார். 1930-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26-ஆம் நாள் தம் 66-ஆம் வயதில் நியூட்டனில் காலமானார். ஹார்வர்டு பெண்களுக்குத் தன் பெயராலேயே டாக்டர் பட்டம் வழங்கத் தொடங்கியது 1963-ஆம் ஆண்டில். அவர் பிறந்து அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பட்டம் வழங்கப்படவில்லை.